7. கதாபாத்திரம் வாய் திறக்கும்போது

தமிழில் கதை எழுத உட்காரும் எவருக்கும் முதல் பக்கத்திலேயே ஒரு சிக்கல் வந்துவிடுகிறது. எழுதுகிற தமிழ் ஒன்று, பேசுகிற தமிழ் வேறு. “வந்துகொண்டிருக்கிறேன்” என்று மதுரையில் எந்த அக்காவும் தம்பியிடம் போனில் சொல்வதில்லை. “வந்துக்கிட்டே இருக்கேன்” என்பாள். யாழ்ப்பாணத்து அக்காவாக இருந்தால் “வந்துகொண்டிருக்கிறன்” என்று கிட்டத்தட்ட எழுத்தை ஒட்டியே சொல்லிவிடுவாள். ஆக, பேச்சுத் தமிழ் என்று பொதுவாக ஒன்று கிடையாது. ஊர், சாதி, மதம், வயது, படிப்பு, எதிரே நிற்பவர் யார் என்பது எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கிற பல பேச்சுகள் இருக்கின்றன. சென்ற அத்தியாயத்தில் பார்த்த விவரிப்பை ஒரே குரலில் ஓட்டிவிடலாம். பாத்திரம் வாய் திறந்ததும் அந்தச் சலுகை போய்விடுகிறது.

நம் முன்னோடிகளும் இதோடு மல்லுக்கட்டியவர்கள்தான். 1879-இல் வந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் மனிதர்கள் பெரும்பாலும் புத்தகத் தமிழில் பேசுகிறார்கள். 1890-களில் ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக வந்த ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திர’த்தில் வீட்டுப் பேச்சும் ஊர் வம்பும் காதில் விழுகிற மாதிரியே பக்கத்துக்கு வந்துவிட்டன. புதுமைப்பித்தன் திருநெல்வேலியைக் கொண்டுவந்தார். 1942-இல் ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ கொங்கு நாட்டைக் கொண்டுவந்தது. பாத்திரம் பேச்சுத் தமிழில் பேசலாமா என்ற வழக்கு அன்றே தீர்ந்துபோயிற்று. எந்தப் பேச்சு, எவ்வளவு என்ற கேள்விதான் ஒவ்வொரு கதைக்கும் புதிதாக வருகிறது.

புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலோர் இதை எழுத்துக்கூட்டல் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு, ‘இறங்கி’யா ‘எறங்கி’யா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அது இரண்டாம்பட்சம். யார், யாரிடம், எந்த உரிமையில் பேசுகிறார் என்பது முதலில் உங்களுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். அது தெளிவாக இருந்தால் பாதி வசனம் தானாக வரும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதோடு போவோம். சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம். அப்பா இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. தம்பி நிலத்தை விற்க வேண்டும். கல்யாணமாகிப் போன அக்கா, தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பத்திரத்தோடு வருகிறான். முதல் வரைவில் இப்படி ஒரு வசனம் வந்து நிற்கும்:

“அக்கா, 2005-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டத்தின்படி அப்பாவின் பூர்வீகச் சொத்தில் உனக்கும் எனக்குச் சமமான பங்கு இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும், எனக்குக் கடன் அதிகமாக இருப்பதால் நீ விட்டுக்கொடுக்க வேண்டும்.”

தகவல் சரி. வசனம் பொய். அக்காவுக்குத் தெரிந்த விஷயத்தை அவளிடமே ஏன் சொல்கிறான்? வாசகருக்காகச் சொல்கிறான். அதைவிட மோசம், இந்த உலகத்திலேயே அந்தச் சட்டத்தை அவளுக்கு ஞாபகப்படுத்த விரும்பாத ஒரே ஆள் அவன்தான். ஒரு பாத்திரம் தன் காரியத்துக்கே கேடாகப் பேசினால், பேசுவது எழுத்தாளர் என்று அர்த்தம். சட்ட விவரம் கதைக்குத் தேவை என்றால் விவரிப்பில் இரண்டு வரியாகச் சொல்லிவிடுங்கள், ஒன்றும் குடிமுழுகிவிடாது. இல்லையென்றால் அந்தச் சட்டம் யாருக்கு ஆயுதமோ அவர் வாயில் வையுங்கள். அக்காவின் கல்லூரி படிக்கும் மகள் கேட்கலாம்.

அதே காட்சி இன்னொரு விதமாக:

“வாடா. எப்ப வந்தே?”

“இப்பத்தான்க்கா. பஸ்ஸ விட்டு இறங்கி நேரா வர்றேன்.”

“சாப்பிடு, வா.”

“ஆச்சுக்கா. மானாமதுரையில சாப்பிட்டேன்.”

“ஏன், இங்க அடுப்பு எரியலையா?”

“மச்சான் இல்லையா?”

“வயலுக்குப் போயிருக்காக. கையில என்னடா, கவரு?”

“அது கிடக்கு. கொஞ்சம் தண்ணி குடு.”

பத்திரம் என்ற சொல்லே இதில் இல்லை. ஆனால் அக்கா வீட்டுக்கு வருகிறவன் வழியில் ஏன் சாப்பிட்டுவிட்டு வருகிறான்? அவள் கையால் சாப்பிட்டுவிட்டு அந்தக் கையிலேயே கையெழுத்து வாங்க அவனுக்கு மனம் ஒப்பவில்லை. இதை அவன் சொல்லவில்லை, அக்கா கேட்கவில்லை, நீங்களும் சொல்லக் கூடாது. தமிழ் வாசகருக்குச் சாப்பாட்டுக் கணக்கு தெரியும். அவள் அடுப்பைப் பற்றிக் கேட்கிறாள், அவன் மச்சானைப் பற்றிக் கேட்கிறான். கேட்ட கேள்விக்குப் பதில் வராத இடத்தில்தான் உரையாடல் நகர்கிறது. தி. ஜானகிராமனைப் படிக்கும்போது ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு, நேரான பதில் வராத இடங்களை மட்டும் குறித்துப் பாருங்கள். எழுத்துப் பட்டறைகளில் இதைவிட நல்ல பாடம் கிடைப்பது கஷ்டம்.

இன்னும் ஒன்று கவனியுங்கள். “போயிருக்காக.” ஊரைச் சொல்லிவிட்டது அந்த ஒரு விகுதி. திருநெல்வேலி என்றால் “போயிருக்காவ” என்று வரும். யாழ்ப்பாணத்து அக்கா வாசலிலேயே “எப்ப வந்தனீ?” என்று கேட்டிருப்பாள். வட்டாரம் பெரும்பாலும் வினைமுற்றின் வாலிலும் உறவுப் பெயரிலும் உட்கார்ந்திருக்கிறது. அந்த இரண்டையும் சரியாகப் பிடித்தால் போதும், மற்றச் சொற்களை ஓரளவு பொதுவாகவே விடலாம். ‘இறங்கி’ என்று எழுதினாலும் வாசகர் மனத்துக்குள் ‘எறங்கி’ என்றுதான் படிப்பார். ‘உடம்பு’ என்று அச்சிட்டால் அவர் காதில் ‘ஒடம்பு’ என்றுதான் விழும். எல்லாரும் ஒரே மாதிரி செய்கிற ஒலி மாற்றத்தை எழுதிக் காட்டுவதில் லாபம் குறைவு. “பஸ்ஸ வுட்டு எறங்கி நேராத்தே வாறேங்க்கா” என்று ஒவ்வொரு எழுத்தையும் நெளித்தால், வாசகர் தம்பியை மறந்துவிட்டு எழுத்தைக் கூட்டிப் படித்துக்கொண்டிருப்பார். அப்படியே எழுதி வென்ற நாவல்கள் உண்டு. நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968) அந்த இரணியல் பேச்சு இல்லாமல் நிற்காது. ஆனால் அவர் காதில் பிறந்ததிலிருந்து விழுந்த பேச்சு அது.

இனி விளிப்புக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் தமிழ் எழுத்தாளரின் கையில் இருக்கும் மிகப் பெரிய சொத்து இதுதான். ‘டா’, ‘டி’, ‘ப்பா’, ‘ம்மா’, ‘ங்க’, ‘நீ’, ‘நீங்க’, ‘நீர்’ என்று எத்தனை படிகள்! அறுபது வயதுக்காரரைப் பதினைந்து வயதுப் பையன் ‘வாடா’ என்று கூப்பிட்டால், அந்த ஊரின் நில உடைமையும் சாதியும் அந்த ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. பிறகு ஒரு பத்தி சமூக ஆய்வு தேவையில்லை.

விளிப்பு மாறுகிற இடம் கதை திரும்புகிற இடமாக இருக்கும். நம் அக்காவிடம் திரும்பிப் போவோம். மாலை ஆகிவிட்டது, பத்திரம் வெளியே வந்துவிட்டது.

“நீ மட்டுந்தான் பாக்கி. சின்னக்கா போட்டுக் குடுத்துட்டா.”

“போட்டுட்டாளாமா?”

“நேத்தே.”

“சரிங்க. எந்த இடத்துல போடணும், காட்டுங்க.”

காலையில் ‘டா’ என்றவள் இப்போது ‘ங்க’ என்கிறாள். மரியாதையைக் கூட்டி ஆளைத் தள்ளி வைப்பது நம் குடும்பங்களில் எல்லாருக்கும் தெரிந்த தண்டனை. இங்கே எழுதுகிறவருக்குக் கை அரிக்கும். ‘அக்காவின் குரலில் இருந்த அந்நியம் அவனைச் சுட்டது’ என்று ஒரு வரி போடத் தோன்றும். போட்டால் தண்டனை அவனைவிட்டு வாசகரிடம் வந்துவிடும். அவன் பேனாவை எடுத்து நீட்டட்டும். அல்லது பேனா எழுதவில்லை என்று உதறட்டும்.

எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியாத நேரமும் உண்டு. புதிதாக வந்த மருமகளுக்குக் கணவனின் சித்தப்பாவை எப்படி அழைப்பது என்று இன்னும் பிடிபடவில்லை. அப்போது அவள் “வந்தாச்சா?”, “காபி குடிக்கலாமா?” என்று ஆளே இல்லாத வினைகளில் பேசுவாள். சண்டை போட்டுக்கொண்ட கணவன் மனைவிக்கும் இதே வினைகள்தான் கைகொடுக்கின்றன. “சாப்பாடு எடுத்து வச்சாச்சு” என்று சுவருக்குச் சொல்லப்படும். “அப்பாவைக் கூப்பிடு” என்று, அப்பா பக்கத்தில் நிற்கும்போதே பிள்ளையிடம் சொல்லப்படும். நீ, நீங்க இரண்டையும் தவிர்த்து நாள்கணக்கில் ஒரு வீட்டில் வாழ முடிகிற மொழி இது. அதைப் பயன்படுத்தாமல் ‘அவர்களுக்கிடையே ஒரு மௌனம் நிலவியது’ என்று எழுதுவது சோம்பேறித்தனம்.

விளிப்பை வைத்து ஒரு கதையையே தூக்கி நிறுத்தலாம் என்பதற்குப் புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ போதும். சென்னையில் கந்தசாமிப் பிள்ளை எதிரே கடவுள் வந்து நிற்கிறார். பிள்ளை அவரோடு ஓட்டலுக்குப் போகிறார், தன் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா சேர்க்கப் பார்க்கிறார், பிறகு பெரியப்பா என்று உறவு சொல்லி வீட்டுக்கு அழைத்துப் போகிறார். கடவுளுக்கு ஒரு உறவுமுறை கிடைத்த பிறகு அந்த வீட்டில் அவரால் கடவுளாக இருக்க முடிவதில்லை. கதையின் தத்துவம், கிண்டல் எல்லாமே பேச்சில் நடக்கிறது. ஒருமுறை கதையாகப் படித்துவிட்டு, மறுபடி விளிப்புகளை மட்டும் பின்தொடர்ந்து படியுங்கள்.

அடுத்து துணைவினை. “சொன்னான்” என்பதைப் பாத்திரங்கள் எத்தனை விதமாகச் சொல்கிறார்கள் பாருங்கள். சொல்லிட்டான்: முடிந்தது. சொல்லிப்புட்டான்: முடிந்தது, அடிபட்டது எனக்கு. சொல்லித் தொலைச்சான்: சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லி வச்சான்: பின்னால் உதவும் என்று அல்லது சும்மா. சொல்லிக்கிட்டான்: நம்ப வேண்டியதில்லை. பேசுகிறவரின் மனநிலை இந்த வாலிலேயே இருக்கிறது. இது இருக்கும்போது ‘கோபமாகச் சொன்னான்’, ‘எரிச்சலுடன் கூறினாள்’ என்று ஒட்டுப்போட வேண்டிய அவசியம் பாதிக்கு மேல் குறைந்துவிடும். ‘ஆம்’ என்ற ஒட்டையும் இதோடு சேருங்கள். அக்கா “போட்டுட்டாளா?” என்று கேட்கவில்லை, “போட்டுட்டாளாமா?” என்று கேட்டாள். உன் வாய்ச்சொல்லை நம்பவில்லை, யார் சொல்லி உனக்குத் தெரியும் என்று அதற்குப் பொருள். தம்பியின் “நேத்தே” அதற்குத்தான் பதில்.

சொல் வரிசையும் இப்படித்தான். எழுத்தில் வினையைக் கடைசியில் வைக்கப் பழகியிருக்கிறோம். பேச்சில் வினை முந்திக்கொண்டு வரும், மிச்சம் பின்னால் ஓடிவரும். “எங்கடா போனே இவ்வளவு நேரம்?”, “எடுத்துட்டுப் போயிட்டான் எல்லாத்தையும்.” அவசரம், ஆத்திரம், ஆவல் மூன்றுக்கும் இது பொருந்தும். வசனம் சவசவவென்று இருந்தால், சொற்களை மாற்றுவதற்கு முன் வரிசையை மாற்றிப் பாருங்கள்.

‘என்றான்’, ‘என்றாள்’ பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. வினவினான், பகர்ந்தாள், முழங்கினான், இடைமறித்தாள் என்று மாற்றி மாற்றிப் போடுவதால் நடை அழகாகிவிடாது. ‘என்றான்’ கண்ணுக்குப் படாமல் கடந்துபோகும், அதுதான் அதன் வேலை. ஆணும் பெண்ணும் பேசும் காட்சியில் வினைமுற்றே ஆளைக் காட்டிவிடுகிறது. இரண்டு ஆண்கள் என்றால், ஐந்தாறு வரிக்கு ஒருமுறை பெயரோ ஒரு செய்கையோ வரட்டும். ஒரு நீளமான பேச்சை எட்டு வரி ஓடவிட்டு முடிவில் ‘என்றார் பெரியவர்’ என்று போடாதீர்கள். அதுவரை வாசகர் வேறு யாரோ பேசுவதாக நினைத்துக்கொண்டிருப்பார். பெரியவர் முதலில் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கட்டும், பிறகு பேசட்டும்.

கொஞ்சம் சங்கடமான விஷயம் ஒன்று. உங்கள் கதையை எடுத்து, யாருடைய பேச்சு மட்டும் நெளிந்திருக்கிறது என்று பாருங்கள். சமையல்காரம்மாவும் ஆட்டோ ஓட்டுநரும் வட்டார வழக்கில் பேச, பேராசிரியரும் அவர் மனைவியும் “நீங்கள் எப்போது வந்தீர்கள்?” என்று பேசினால், உங்களுக்கே தெரியாமல் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். எந்தப் பேராசிரியரும் வீட்டில் அப்படிப் பேசுவதில்லை. அவருக்கும் ஒரு ஊர் இருக்கிறது, அவரும் “வந்துட்டேன்” என்றுதான் சொல்கிறார். ஏழையின் பேச்சைக் கொச்சையாகவும் படித்தவரின் பேச்சைச் சுத்தமாகவும் காட்டுவது பழைய சினிமாவில் கைதட்டலுக்குப் பயன்பட்டது. கதையில் இரண்டு பேரையுமே அது பொம்மையாக்கிவிடும். ஜெயகாந்தன் சென்னைச் சேரிப் பேச்சை எழுதியபோது அதில் சிரிப்புக்கான இடம் மட்டும் இருக்கவில்லை. அந்தப் பேச்சிலேயே மானமும் வாதமும் பாசமும் இருந்தன. உங்கள் ஆட்டோ ஓட்டுநருக்கும் தன் பேச்சில் ஒரு வாதத்தில் ஜெயிக்க வாய்ப்புக் கொடுங்கள்.

இதை ஒட்டியே விவரிப்பின் மொழி பற்றிய கேள்வியும் எழும். விவரிப்பு எழுத்துத் தமிழில், பேச்சு பேச்சுத் தமிழில் என்பது பெருவழக்கு. கி. ராஜநாராயணன் திண்ணையில் உட்கார்ந்து சொல்வது போல விவரிப்பையே பேச்சின் பக்கம் இழுத்தார். பாமாவின் ‘கருக்கு’ (1992) முழுவதும் பேச்சிலேயே நடக்கிறது. அங்கே கதை சொல்பவருக்கும் கதையில் இருப்பவர்களுக்கும் நடுவே வேலி இல்லை. இரண்டில் எது என்பதை முதல் வாக்கியத்திலேயே முடிவு செய்யுங்கள். எட்டாம் பக்கத்தில் உணர்ச்சி மேலிட்டு விவரிப்பு திடீரென்று பேச்சுக்குத் தாவினால், வாசகர் அதை உத்தியாக எடுத்துக்கொள்ள மாட்டார், கவனக்குறைவு என்றுதான் நினைப்பார்.

உங்களுக்குச் சொந்தமில்லாத வட்டாரத்தை எழுதலாமா? எழுதலாம், ஆனால் உழைப்பு இரட்டிப்பு. அகராதிகள் இருக்கின்றன. கி.ரா. 1982-இல் கரிசல் வட்டாரத்துக்கு ஒன்று தொகுத்தார், பெருமாள்முருகன் 2000-இல் கொங்குக்கு ஒன்று. கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்குச் செய்தார். அவை சொல்லைக் கொடுக்கும், ஓட்டத்தைக் கொடுக்காது. ஓட்டத்துக்கு அந்த ஊர் டீக்கடை பெஞ்சில் காலை நேரம் உட்கார வேண்டும். அது முடியாவிட்டால் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் காட்சியைச் சொல்லி, “உங்க வீட்டுல இதை எப்படிச் சொல்லுவாங்க?” என்று கேட்கலாம். எழுதியதைக் காட்டித் திருத்தச் சொன்னால் பலரும் மரியாதைக்கு “நல்லாருக்கு” என்று சொல்லிவிடுவார்கள்.

சொல்லில் தவறினால்கூட மன்னிப்பு உண்டு, உறவுமுறையில் தவறினால் கிடையாது. அப்பாவின் அம்மா ஓரிடத்தில் அப்பத்தா, ஓரிடத்தில் அப்பாயி, ஓரிடத்தில் பாட்டி, ஓரிடத்தில் அப்பம்மா. கொங்கில் அம்மாவின் அப்பா அப்புச்சி. முஸ்லிம் வீட்டில் அப்பாவை மதுரை, ராமநாதபுரம் பக்கம் அத்தா என்பார்கள், தெற்கே கடற்கரை ஊர்களில் வாப்பா என்பார்கள். ‘முஸ்லிம் பாத்திரம், ஆகவே வாப்பா’ என்று எழுதிவிட்டால் மதுரை வாசகர் இரண்டாம் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடுவார். எழுதத் தொடங்குமுன் ஒரு தாளில் குடும்ப மரத்தைப் போட்டு, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கோடுகளின் மேல் எழுதிக்கொள்ளுங்கள். நம் தம்பிக்கு அக்காவின் கணவர் மச்சான், அவருக்கு இவன் மாப்ள. இரு பக்கமும் எழுத வேண்டும்.

சரித்திரக் கதைக்கு இந்த அத்தியாயம் அதிகம் உதவாது. சோழர் காலத்தில் வீட்டில் எப்படிப் பேசினார்கள் என்று யாரும் கேட்டதில்லை. கல்கி பாணியில் சீரான எழுத்துத் தமிழைப் பேசவைப்பது நெடுங்காலமாக ஒப்புக்கொள்ளப்பட்ட ஏற்பாடு. படைவீரன் வாயில் ‘டென்ஷன்’ வராமல் பார்த்துக்கொண்டால் போதும். இன்றைய கதையில் டென்ஷன், ஓகே, சாரி எல்லாம் தாராளமாக வரட்டும், தமிழ் எழுத்திலேயே வரட்டும். அவற்றைச் சாய்வெழுத்தில் போட்டுத் தீண்டத்தகாதவை ஆக்காதீர்கள்.

வரைவு முடிந்ததும் உரையாடலை மட்டும் இன்னொருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் படித்தால் ஆகாது, உங்களுக்கு ராகம் தெரியும். அவர் தடுக்கி விழும் இடங்களில் பேசாமல் ஒரு புள்ளி வையுங்கள். எழுத்துக்கூட்டலால் தடுக்கினால் எழுத்தைப் பொதுவாக்குங்கள். மூச்சு வாங்கினால் வாக்கியத்தை உடையுங்கள். யார் பேசுவது என்று நிமிர்ந்து உங்களைப் பார்த்தால் ஒரு பெயரைச் சேருங்கள். அவராகவே ஒரு சொல்லை மாற்றிப் படித்துவிட்டால், பெரும்பாலும் அவர் படித்ததுதான் சரி.

பத்திரிகைக்கு அனுப்பும்போது இன்னொரு வேலையும் மிச்சமிருக்கிறது. நல்ல எண்ணத்தில் பிழைதிருத்துபவர் ‘போயிருக்காக’வை ‘போயிருக்காங்க’ ஆக்கிவிடுவார், அதோடு உங்கள் சிவகங்கை காணாமல் போகும். கதையோடு தனித்தாளில் ஐந்தாறு வரி எழுதி இணையுங்கள்: கதை நடக்கும் ஊர், மாற்றக் கூடாத விகுதிகள், உறவுப் பெயர்கள், ‘குடு’ என்றா ‘கொடு’ என்றா எங்கும் வரவேண்டும் என்பது. ‘குடு’ என்று அந்தத் தாளில் எழுதிவிட்டு கதைக்குள் மூன்று இடத்தில் ‘கொடு’ இருந்தால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. அனுப்புமுன் கணினியில் தேடி ஒன்றாக்கிவிடுங்கள்.